நிச்சயதார்த்தத்துக்குள் புகுந்த ராக் கச்சேரி

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வதற்கு இருபத்து நாலு வயது வரை எனக்கு வாய் வந்ததே இல்லை. பஸ் நிலையத்தில் யாராவது வழி கேட்டால், நான் பார்த்தேயிராத ஊருக்கும் வழி சொல்லி அனுப்பியிருக்கிறேன். (அவர்களில் சிலர் இன்னும் புதூர்ப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கலாம். மன்னிக்கணும்.) இந்த வியாதி ஒரே சாயங்காலத்தில் எனக்குக் குணமானது. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

கோவில்பட்டியில் அப்பா மைக் செட் கடை வைத்திருக்கிறார். கோயில் கொடை, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே சத்தம் தேவைப்பட்டாலும் ‘செட்டுக்கார அண்ணாச்சி’யைத்தான் கூப்பிடுவார்கள். நான் எலக்ட்ரானிக்ஸ் பொறியியல் படித்து முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் அந்தக் கடையில் போய் உட்கார்ந்தேன். ‘வேலை கிடைக்காமல்’ என்று இப்போது சொல்கிறேன். அப்போது ‘தொழிலை நவீனப்படுத்த வந்திருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் செய்த நவீனம் ஒன்றே ஒன்றுதான். கடைப் பலகையில் ‘சவுண்ட் சர்வீஸ்’ என்று இருந்ததை ‘ஆடியோ சொல்யூஷன்ஸ்’ என்று மாற்றி எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் காதுக்குச் சொட்டு மருந்து கேட்டு வந்தார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து ஜெனிபர் என்ற மாணவி கடைக்கு வந்தாள். கல்லூரி விழாப் பொறுப்பாளர். அப்பா வெளியே போயிருந்தார்.

“அண்ணா, பெங்களூர்லருந்து ஒரு ராக் பேண்டு வருது. உங்களால சவுண்டு பண்ண முடியுமா? இல்லன்னா மதுரையில கேக்கணும்.”

மதுரை என்ற சொல் என்னைச் சுட்டுவிட்டது.

“ராக் கச்சேரியா? நாங்க செய்யாத ராக்கா?” என்றேன். அதுவரை நான் நேரில் பார்த்த பெரிய கச்சேரி, நாகலாபுரம் கொடையில் நடந்த கரகாட்டம்.

“பிரின்சிபால் ஒத்துக்கவே மாட்டேன்னாங்க. கால்ல விழாத குறையா கேட்டு வாங்கியிருக்கோம். ஏதாவது சொதப்பிச்சுன்னா இனிமே எந்த வருஷமும் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. மேனேஜ் பண்ணிருவீங்கல்லா?”

“கவலையே படாதீங்க” என்றேன். (நான் யாரிடமாவது அப்படிச் சொன்னால் அவர்கள் உடனே கவலைப்படத் தொடங்குவது நல்லது.)

அன்று சாயங்காலமே பேண்டுக்காரர்களுக்குத் தேவையான சாமான்களின் பட்டியல் என் போனுக்கு வந்தது. பாதி புரியவில்லை. அப்பாவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு பொறியாளன் போய் எட்டாம் வகுப்புப் படித்தவரிடம் ‘இது என்ன?’ என்று கேட்பதா? புரிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதில் ‘மானிட்டர் – நாலு’ என்று இருந்தது. அது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. நண்பன் ஒருவன் பிரவுசிங் சென்டர் நடத்தி மூடியிருந்தான். அவனிடமிருந்து நாலு கம்ப்யூட்டர் மானிட்டர்களை வாங்கி, தூசி துடைத்து, போர்வையில் சுற்றி வைத்தேன்.

அடுத்து ‘கார்ட்லெஸ் மைக்’ என்று இருந்தது. வயர் இல்லாத மைக். கடையில் அது இரண்டு செட் இருந்தது. ஒரே கம்பெனி, ஒரே ரகம். இரண்டு பெட்டி மேலும் அப்பா சிவப்புப் பெயிண்டில் ‘தனியா ஓட்டவும்’ என்று எழுதியிருந்தார்.

இங்கேதான் சிக்கல். கச்சேரி நடக்கும் அதே நாள், அதே சாயங்காலம், என் தாய்மாமா மகள் செண்பகத்துக்கு நிச்சயதார்த்தம். அது நடக்கும் மண்டபம் கல்லூரி மைதானத்தை ஒட்டியே இருந்தது. நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர். மாமா வீட்டு விசேஷம் என்பதால் அப்பாவே அங்கே மைக் செட் போடுவதாக ஏற்பாடு.

“காலேஜில என்ன புரோகிராம்லே?” என்று அப்பா கேட்டார்.

“சும்மா பிள்ளைய பாடுதாங்கப்பா.”

“வயர் மைக்கக் கொண்டு போ. கார்ட்லெஸ்ஸத் தொடாத. ஒண்ண நான் மண்டபத்துக்கு எடுக்கேன்.”

சரி என்று தலையாட்டினேன். ஆனால் பெங்களூர்க்காரர்கள் கையில் வயர் மைக்கைக் கொடுத்தால் நம் ஊர் மானம் என்ன ஆவது? அப்பா ஒரு பெட்டியை எடுத்துப் போனதும் நான் இன்னொன்றை எடுத்துக் குட்டியானை வண்டியில் ஏற்றினேன். ‘தனியா ஓட்டவும்’ என்பதற்கு, தனி ஆம்ப்ளிஃபயரில் ஓட்ட வேண்டும் என்று நானே ஒரு பொருள் வைத்துக்கொண்டேன்.

உண்மையில் அதன் பொருள் வேறு. இரண்டு மைக்கும் ஒரே அலைவரிசையில் வேலை செய்பவை. ஒன்று விளாத்திகுளத்திலும் ஒன்று கோவில்பட்டியிலும் இருந்தால் தொல்லை இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இந்த மைக்கை அணைத்த நொடியில் அந்த மைக்கின் குரல் இந்த ஸ்பீக்கரில் வந்து உட்கார்ந்துவிடும். பொறியியலில் இதற்கென்று ஒரு பாடம்கூட உண்டு. அந்தப் பாடத்தில் நான் இரண்டாவது முயற்சியில் தேறியவன்.

கச்சேரிக்கு முதல் நாள் மழை. மைதானத்துக் கரிசல் மண் குழைந்து, காலை வைத்தால் செருப்பைத் திருப்பித் தரமாட்டேன் என்றது. ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி முடித்தபோது இடது பக்க அடுக்கு மெதுவாக மேடையைப் பார்த்துச் சாய்ந்தது. அதற்கு முட்டுக்கொடுத்தால் வலது பக்கம் சாய்ந்தது.

நாலு மணிக்குப் பேண்டுக்காரர்களின் வேன் வந்து, வாசலிலேயே சேற்றில் சிக்கியது. இறங்கி நடந்து வந்தார்கள். பாடகர் பெயர் ரோஹன். தோளுக்குக் கீழே முடி, முழங்காலில் கிழிந்த பேண்ட், முழங்கால் வரைக்கும் சேறு. பெங்களூர்த் தமிழ் பேசினார்.

“மச்சா, மானிட்டர் எங்க?”

பெருமையாக மேடையைக் காட்டினேன். நாலு ஸ்டூல், நாலு வெள்ளைத் துணி, மேலே நாலு கம்ப்யூட்டர் மானிட்டர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாத்தியக்காரரைப் பார்த்தபடி.

ரோஹன் வெகு நேரம் பார்த்தார். டிரம்ஸ் வாசிப்பவர் பக்கத்தில் வந்து, “நாம பாட வந்திருக்கோமா, ஆன்லைன் பரீட்சை எழுத வந்திருக்கோமா?” என்று கேட்டார்.

பாடுபவருக்குத் தன் குரல் கேட்பதற்காக, அவரைப் பார்த்துக் கீழே வைக்கும் ஸ்பீக்கர்தான் மானிட்டராம். ஜெனிபர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கும் துணிச்சல் இல்லை. சாய்ந்துகொண்டிருந்த அடுக்கிலிருந்து நாலு பெட்டியை இறக்கி மேடைப் பக்கம் திருப்பி வைத்தேன். அதனால் ஒரு நன்மை, அடுக்கு சாய்வது நின்றது.

ஐந்தரை மணிக்குக் கச்சேரி தொடங்கியது. மைதானம் முழுக்க மாணவர்கள். முதல் பாட்டில் டிரம்ஸ் விழுந்ததும் என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. அது பயமா சங்கீதமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இரண்டாவது பாட்டு முடிந்தது. எதுவும் வெடிக்கவில்லை. ஜெனிபர் தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினாள். நான் மூச்சு விட்டேன்.

மூன்றாவது பாட்டுதான் அவர்களுடைய பேர்பெற்ற பாட்டாம். நடுவில் கிட்டார்க்காரர் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. ரோஹன் ஸ்டைலாக மைக்கை அணைத்து, வானத்தைப் பார்த்து உயர்த்திப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். கூட்டம் கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றது.

ஸ்பீக்கரில் ஒரு பெரிய கனைப்புச் சத்தம் கேட்டது.

பிறகு, “அலோ. அலோ. நாகலாபுரத்துலருந்து வந்திருக்க சம்மந்தகாரவிய எல்லாரும் முன்னால வந்து உக்காருங்க. அங்கன ஃபேன் ஓடாது.”

மாமாவின் குரல்.

உடம்பில் இருந்த அத்தனை வேர்வையும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. மைதானத்தில் ஆரவாரம். பின்னால் நின்றிருந்த நூறு பேர், ஃபேன் ஓடாது என்பதால், முன்னால் ஓடி வந்தார்கள்.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் எந்தக் குமிழ் மாமாவுடையது என்று எனக்குத் தெரியவில்லை. எழுத்தெல்லாம் அழிந்துபோன பழைய மிக்சர். ஒன்றைக் குறைத்தேன். கிட்டார் நின்றது. இன்னொன்றைக் குறைத்தேன். கீபோர்டு நின்றது. கடைசியில் வாத்தியம் எல்லாம் அடங்கி, மாமா மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாகக் கேட்டார்.

“வெத்தலத் தட்ட யாரு எடுத்தா? இங்கனதான வச்சேன்.”

“நாங்க எடுக்கல” என்றது மொத்த மைதானமும்.

டிரம்ஸ்காரர் இது ஏதோ உள்ளூர் ஏற்பாடு என்று நினைத்துவிட்டார். மாமா ஒரு வாக்கியம் பேசினால், அதன் முடிவில் இரண்டு தட்டு தட்டினார். மாமாவும் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவர். பொருத்தமாகத்தான் இருந்தது. தாம்பாளத்தைக் கையில் எடுத்திருப்பார் போலிருக்கிறது, குரல் கம்மியது.

“எம் பொண்ணு செண்பகத்த உங்க வீட்டுக்குத் தரதா முடிவு பண்ணியிருக்கோம். ரெண்டு பக்கத்துக்கும் சம்மதந்தானா?”

“சம்மதம்” என்று மைதானம் முழங்கியது.

கூட்டத்தின் உற்சாகத்தைப் பார்த்து ரோஹனுக்கு ஆவேசம் வந்துவிட்டது. மைக்கை வாய்க்குக் கொண்டுவந்து, பொத்தானை அழுத்தி, அந்தப் பாட்டின் உச்சத்தை எடுத்தார். “நோ, நோ, நெவர்.” தொண்டை கிழியக் கத்தினார். அந்தப் பாட்டே அதுதான்.

அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதைப் பிறகு அம்மா சொன்னாள். மைதானத்து இரைச்சலுக்காகக் கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, மாமா பேச எழுந்தபோதுதான் மண்டபத்துச் செட்டையே போட்டிருக்கிறார்கள். ‘சம்மதந்தானா?’ என்று கேட்டுவிட்டு மாமா மைக்கை அணைத்து, பதிலுக்காக மாப்பிள்ளையின் பெரியப்பாவைப் பார்த்திருக்கிறார். அவர் இருநூறு ஆடு வைத்திருப்பவர், நிதானமானவர். மெதுவாக எழுந்து, துண்டைச் சரிசெய்து, வாயைத் திறந்திருக்கிறார். மண்டபத்து ஸ்பீக்கர் நாலிலும் ஒரு ஆண் குரல் ‘நோ, நோ, நெவர்’ என்று அலறியது. ஒரு முறை அல்ல, மூன்று முறை.

பெரியப்பா வாயை மூடிக்கொண்டு கேட்டாராம்.

“யாரு அது, இங்கிலீஷ்ல வேண்டாங்கது?”

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவர் காதில் ஒருவர் பேச ஆரம்பித்தார்கள். பெண்ணுக்கு வேறு ஒரு பையன் மேல் விருப்பம் இருக்கிறது, அந்தப் பையன் மறைந்திருந்து கத்துகிறான் என்று இரண்டே நிமிடத்தில் முடிவாகிவிட்டது. செண்பகத்தின் அம்மா, என் அத்தை, அழத் தொடங்கினாள். தட்டில் இருந்த வெற்றிலை தட்டிலேயே இருந்தது.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, அந்த வயதில், காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்து வந்தார். முழங்கால் வரை கரிசல். மிக்சர் பக்கத்தில் இருந்த சிவப்பு எழுத்துப் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெட்டியை அணைத்தார்.

“மாமா வீட்டுக் காரியத்தக் கெடுத்துட்டியேலே.”

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். பிறகு ஜெனிபரிடம் போய், “பாப்பா, ஒரு கால் மணி நேரம் பொறுத்துக்கிடணும். பாடுதவர மட்டும் கூட்டிட்டுப் போறேன். ஒரு பிள்ள வாழ்க்கை” என்றார். ஜெனிபருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா முகத்தைப் பார்த்து இடைவேளை அறிவித்துவிட்டாள்.

நானும் ரோஹனும் அப்பா பின்னால் மண்டபத்துக்குள் போனோம். முன்னூறு பேர் திரும்பினார்கள். நீள முடியும் கிழிந்த பேண்டும் சேறுமாக ரோஹன் நடந்து வர, “இவன்தானா அது?” என்று யாரோ கேட்டார்கள். அத்தை அழுகை ஒரு படி ஏறியது.

அப்பா நடந்ததை விளக்கினார். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “செட்டுக்காரரே, மைக்குக்கு மைக்கு தாவுமா? நம்புற மாதிரி இல்லையே. அந்தத் தம்பிய அதே மாதிரி ஒருக்கா கத்தச் சொல்லும்” என்றார்.

ரோஹன் பாவம். விளக்கு, வெற்றிலை, பழத்தட்டு இத்தனைக்கும் முன்னால், வாத்தியம் எதுவும் இல்லாமல், ‘நோ, நோ, நெவர்’ என்று கத்திக் காட்டினார். முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது.

“அதே குரல்தான். எதுக்குத் தம்பி வேண்டாங்குத?” என்றார் பெரியப்பா.

“ஐயா, அது பாட்டு. காலையில எழுந்து ஆபீஸ் போக மாட்டேன், போகவே மாட்டேன்னு பாட்டு.”

“வேலைக்குப் போக மாட்டேன்னு சொல்றதுக்கா இவ்வளவு கூட்டம்?” என்று பெரியப்பா உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். நான் நிம்மதியாக நிமிர்ந்தேன். அவர் பார்வை என் பக்கம் திரும்பியது.

“சரி, பாடினது இவரு. சரியா அந்த நேரம் பாத்து அத இங்கன வர வச்சது யாரு?”

அப்பா என்னைக் காட்டினார். “எம் மவன். பொண்ணுக்கு அத்த மவன்.”

அத்தை மகன். முறைப் பையன். அந்த வார்த்தை மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு முகமாகக் கதை மாறிக்கொண்டிருந்தது. ரோஹன் வெறும் கருவி, வேண்டாம் என்று சொல்லவைத்தது நான். மாமா என்னைப் பார்த்த பார்வையில் இருபத்து நாலு வருஷப் பாசம் அப்படியே வடிந்துபோனது. செண்பகம் என்னைவிட ஆறு மாதம் மூத்தவள், சின்ன வயதில் என்னை மொத்தியே வளர்த்தவள் என்று சொல்ல நினைத்தேன். வாயிலிருந்து, “எனக்கு, எனக்குத் தெரியாது” என்பது மட்டும் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவை.

பெரியப்பா பெண்ணிடமே கேட்டுவிட்டார்.

“தாயி, மறைக்காமச் சொல்லு. இந்தப் பையன் மேல ஒனக்கு விருப்பம் உண்டா? உண்டுன்னா நாங்க இப்பமே எந்திரிச்சுப் போயிருதோம். ஒண்ணும் கோவிக்க மாட்டோம்.”

அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்த செண்பகம் நிமிர்ந்தாள். என்னை உச்சி முதல் சேறு வரை ஒரு முறை பார்த்தாள். மேசை மேலிருந்த மைக்கை எடுத்தாள், பொத்தானை அழுத்தினாள், பெரியப்பாவைப் பார்த்தாள்.

“இவனையா மாமா? நோ, நோ, நெவர்.”

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அடுத்து பெரியப்பா. அப்புறம் மண்டபமே சிரித்தது. அழுதுகொண்டிருந்த அத்தை கண்ணைத் துடைக்காமலே சிரித்தாள். ஒரு பெண் முன்னூறு பேர் முன்னால் மைக்கில் என்னை நிராகரித்ததற்கு என் அளவு சந்தோஷப்பட்டவன் வேறு யாரும் இருக்க முடியாது. வெற்றிலைத் தட்டு கை மாறியது. ரோஹனுக்கு இரண்டு ஜிலேபி கிடைத்தது. எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

மீதிக் கச்சேரிக்கு அப்பாவே மிக்சரில் உட்கார்ந்தார். ரோஹன் கையில் வயர் மைக்கைக் கொடுத்தார். எழுத்தழிந்த குமிழ்களைப் பார்க்காமலே இரண்டு மூன்றைத் தொட்டார். அவ்வளவுதான். கிட்டார் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம், குரல் நடுவில் என்று எல்லாம் பிரிந்து தெளிவாக வந்து நின்றது. ரோஹன் பாடிக்கொண்டே அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். தன் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பத்து வருஷம் இன்னிசைக் குழுக்களுக்குச் செட் போட்டிருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. அவர் பக்கத்தில் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, முதல் முறையாகப் பயம் இல்லாமல் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டேன். அடித்தொண்டையிலிருந்து வந்த அந்தக் குரலும், காலடியில் அதிர்ந்த ஈர மண்ணும், சுவர் மேல் ஏறி உட்கார்ந்து கைதட்டிய நாகலாபுரத்து இளைஞர்களும் இன்னும் எனக்குள் இருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்து சாமான் ஏற்றும்போது, “எப்படிப்பா இருந்தது?” என்று கேட்டேன்.

“பாட்டு ஒண்ணும் வெளங்கல. டிரம்ஸ் அடிச்ச பையன் தாளம் பிசகல” என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் பேசவில்லை.

மூன்று வருஷம் கழித்து எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. பெண் விளாத்திகுளம். அன்று காலையிலேயே கடையில் இருந்த அத்தனை மைக்குகளின் பேட்டரிகளையும் அப்பா கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுவிட்டார். சபையில் சம்மதம் கேட்டார்கள். உடனே எங்கள் பக்கத்து ஆட்கள் ஒருவர் விடாமல் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண் வீட்டாருக்குக் காரணம் புரியாமல் முகம் வெளுத்தது. யாராவது எதையாவது கத்துவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்ற பதற்றத்தில், நான் எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, “சம்மதம், சம்மதம், சம்மதம்” என்று என் சொந்தத் தொண்டையால் கத்தினேன்.

சரியாக அந்த நொடியைப் போட்டோக்காரர் பிடித்துவிட்டார். வாய் முழுசாகத் திறந்திருக்கிறது, கண் மூடியிருக்கிறது, தலைமுடி பறக்கிறது. யார் வீட்டுக்கு வந்தாலும் என் மனைவி ஆல்பத்தைத் திறந்து அந்தப் படத்தைத்தான் முதலில் காட்டுகிறாள்.

“பொண்ணு பாக்க வந்தப்ப அமைதியான பையன்னுதான் சொன்னாவ” என்கிறாள்.